கடைசியாக ஏறிய பெயர்

பூரணி ஒட்டியது வேலாயியின் மரண அறிவித்தலை. திரையில் வந்ததோ சின்னராசாவின் பெயர்.

பிற்பகலிலேயே மலை இருட்டிவிட்டிருந்தது. மழை தகரக் கூரையில் சடசடவென்று கொட்ட, ஈரச் சாக்கின் நெடியும் பக்கத்துத் தொழிற்சாலையில் காயும் தேயிலையின் வாசமும் தோட்டத்து ஆபீசுக்குள் கலந்து கிடந்தன. வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை விடாமல் உதைத்துக்கொண்டிருந்தது. அறிவித்தலைத் தயாரிப்பது முன்பிருந்த கிளார்க் துஷாந்த் எழுதி வைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்ட், ஒரு சின்னக் கணினி நிரல். கறுப்புத் திரையில் இறந்தவர் பெயரைத் தட்டினால் போதும், அறிவித்தல் முழுவதும் ஒட்டுவதற்குத் தயாராகக் கணினியின் கிளிப்போர்டில் ஏறிவிடும். வேர்டில் ஒட்டி அச்செடுக்க வேண்டியதுதான்.

சின்னராசா அவள் புருஷன். கொட்டகலைக்கு லொறி கொண்டு போயிருந்தான். அவன் பெயரை அவள் தட்டவே இல்லை.

மறுபடி வேலாயி என்று தட்டினாள். ஒட்டினாள்.

சின்னராசா. இன்றைய தேதி.

கைபேசியில் அவனை அழைத்தாள்.

"வந்துக்கிட்டுதான் இருக்கேன் பூரணி. பனி மூடிக்கிச்சு, ரோடே தெரியல."

"ஓரமா நிப்பாட்டுங்க..."

பிரேக் கிறீச்சிட்டது. லைன் போய்விட்டது.

கிளிப்போர்டில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் இருக்கும். புதியது ஏறினால் பழையது போய்விடும், சின்னராசாவின் பெயரும்தான். ஆனால் செத்தவள் பெயர் அதற்கு வேண்டாம் போலிருந்தது. உயிரோடிருக்கிற இன்னொருவர் பெயரைத் தட்டவோ மனம் வரவில்லை. யாருக்குமே இல்லாத பெயர் வேண்டும். எங்கிருந்தோ ஒன்று விரலுக்கு வந்தது.

யசோதினி.

ஒட்டினாள். யசோதினிதான் வந்தது. சின்னராசா இல்லை. அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மழை விடுமுன்பே லொறிச் சத்தம் கேட்டது. சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான்.

"பள்ளத்து விளிம்புல போயி நின்னுச்சு. எப்படித் தப்பிச்சேன்னே தெரியல."

அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் வழக்கம்போல அவள் வயிற்றில் கையை வைத்தான்.

"யசோதினி, அப்பா வந்துட்டேன்."

"என்ன பேரு சொன்னீங்க?"

"கோவிச்சுக்காத. பொறக்கிறதுக்கு முன்னாடி பேரு வைக்கக் கூடாதுன்னு நீ சொன்ன. நீ தூங்கினப்பறம் தெனமும் இந்தப் பேரச் சொல்லித்தான் பேசிக்கிட்டு இருக்கேன்."

அவன் உள்ளங்கை வயிற்றில் அங்குமிங்கும் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

"தூங்குறா போல."

பூரணி தலை நிமிர்ந்தாள். அவன் தோளுக்கு மேலே திரை தெரிந்தது. பெயர். இன்றைய தேதி. வயது என்ற இடம் மட்டும் காலி. அங்கே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

அவன் கை இன்னும் தேடிக்கொண்டிருந்தது.