இருட்டறையில் ஒரு விடியல்

அவரைச் செடிகள் அன்றும் தவறான நேரத்தில் விழித்துக்கொண்டன.

ஜன்னலே இல்லாத ஆய்வறை அது. எப்போதும் ஒரே இருட்டு, ஒரே குளிர். ஆனாலும் செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடும்; வெளியே விடியும் நேரத்தில் இலை தானாக நிமிரும், அந்தியில் தொங்கும். ஆராய்ச்சி மாணவியான அவள் அதை அளந்துதான் பட்டம் வாங்க வேண்டும். இவையோ பொழுது சாயும்போது நிமிர்கின்றன. மூன்றாவது முறையாக விதைத்ததும் பாழ். கதவை ஒழுங்காக மூடினாயா என்றுதான் பேராசிரியர் கேட்பார். அதை நினைத்தாலே எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

ஏசியைக் கழற்றிப் பார்த்த எலெக்ட்ரீஷியன் உதட்டைப் பிதுக்கினார். "மிஷின்ல கோளாறு இல்லம்மா. சாயங்காலம் ஆனா உள்ள சூடு ஏறுது. ஆள் வந்து நின்னா ஏறுற மாதிரி."

சூடும் செடிக்கு ஒரு விடியல்தான். தினமும் அதே வேளையில் வந்தால், அது வருமுன்பே இலை நிமிரப் பழகிவிடும்.

"சாவி என்கிட்ட மட்டும்தாண்ணே இருக்கு."

"அப்போ அந்த ஆள் வெளியவே போறதில்லையோ என்னவோ," என்று சிரித்தபடி பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். தன் உடம்புச் சூடும் கணக்கைக் கெடுக்கும். கெடட்டும், இனி கெட என்ன இருக்கிறது? செடிகளை உறுத்தாத மங்கலான பச்சை விளக்கில், ஈர மண் வாசனையும் ஏசியின் முனகலும் எங்கோ சொட்டும் தண்ணீரும் சேர்ந்து அறையை இன்னும் சின்னதாக்கிக்கொண்டே வந்தன.

இலைகள் நிமிர்ந்தன.

கதவு திறக்கவில்லை. அடுக்குகளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். யாரும் இல்லை. சே, என்று எழுந்தவள் அப்படியே நின்றாள்.

அந்த அறையில் உடம்புச் சூடு உள்ளவள் அவள் ஒருத்திதான். ஆனால் எல்லா இலைகளும் எதிர்மூலையைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

சுவரில் வெப்பமானி ஏறியது. இன்னும் ஏறியது.

கடைசி வரிசை இலைகள் மெல்லத் திரும்பின. மூலையிலிருந்து இந்தப் பக்கமாக. பிறகு அதற்கு முந்தைய வரிசை.

கதவுப் பக்கம் திரும்பிப் பூட்டைத் துழாவினாள்; மங்கலில் சாவி நுழையவில்லை. கதவை விட்டு ஓரடி விலகி, செடிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

நடு வரிசை.

அவள் முழங்கையை ஒட்டிய தொட்டியில் இலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவளை நோக்கி அல்ல. அவள் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில், கதவுக்கும் அவளுக்கும் நடுவே.