வால்செரினாவின் அளவுகோல்

"நாலு தூண், நாலு வளைவு, மேலே ஓட்டுக் கூரை. சுவர் வைக்கக்கூட வக்கில்லாதவன் கட்டின சத்திரம்!" என்று உதட்டைப் பிதுக்கினார் புதையல் நிபுணர் பரிதிவாணன். நிபுணர் என்பது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பட்டம்.

இத்தாலியின் வால்செரினா ஊரில், மணிக் கோபுரத்தை ஒட்டி எழுநூறு வருடமாக நிற்கும் லோஜியா என்ற திறந்த மண்டபம் அது. வியாபாரமோ வழக்கோ, எல்லாம் ஊர்க் கண்முன்னே நடக்கட்டும் என்றுதான் சுவரே வைக்காமல் கட்டினார்கள். பகைவர் படை வந்தபோது, ஊரார் துணி அளக்கும் வெள்ளிக் கோலை இங்கேதான் எங்கோ ஒளித்தார்களாம்.

"ஒளிச்சாங்கன்னா மண்ணுக்குள்ளதான். தோண்டுங்க!" என்றார் நிபுணர்.

"அனுமதி வாங்கியாச்சா சார்?" என்று கேட்டாள் அவருக்கு உதவியாக வந்திருந்த கட்டடக்கலை மாணவி இளவேனில்.

"எல்லாம் பேசியாச்சும்மா."

ஊர் மதியச் சாப்பாட்டுக்குக் கதவடைத்திருந்தது. இளவேனிலின் அண்ணன் கபிலன் தூணடியில் குழி தோண்டி இறங்கினான். நிபுணரோ மண்டப நடுவிலிருந்த வட்டக் கல்லில் ஜம்மென்று உட்கார்ந்து ஐஸ்கிரீம் நக்கினார். பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. படித்தால் நிபுணத்துவம் குறைந்துவிடுமே!

"அண்ணா, தூணுக்கு இவ்வளவு கிட்ட வேண்டாம்!"

மளுக்! தூண் அசைந்தது. வளைவுகள் விரியாமல் தூணுக்குத் தூண் இழுத்துப் பிடித்திருந்த இரும்புக் கம்பிகள் விண்ணென்று இறுகின. குழியின் கரை சரிந்து, ஒரு பாறாங்கல் கபிலனின் காலை அமுக்கியது.

"ஐயோ, காலு!"

முதலில் தப்பி ஓடியவர் நிபுணர்தான். கையிலிருந்த ஐஸ்கிரீம் கல்லிலேயே விழுந்தது.

நெம்ப ஏதாவது வேண்டுமே! இளவேனில் அண்ணாந்து பார்த்தாள். எல்லாக் கம்பியும் இறுகியிருக்க, கோபுரத்தை ஒட்டிய வளைவில் ஒன்று மட்டும் வேலைவெட்டி இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. கோபுரமே தாங்கும் இடத்தில் கம்பி எதற்கு? கோபுரப் படியேறி, எட்டி, கொக்கியிலிருந்து அதை உருவினாள். குதித்து வந்து கல்லுக்கடியில் செருகி மூச்சைப் பிடித்து நெம்பினாள். கல் புரண்டது. கபிலன் நொண்டிக்கொண்டே மேலே வந்தான்!

நல்லவேளை, மற்றக் கம்பிகள் தூணைப் பிடித்துக்கொண்டன. அவள் கையிலிருந்த கம்பியிலோ, கல் உரசிய இடத்தில் கறுப்பு உதிர்ந்து வெள்ளித் தகடு மின்னியது. நெடுக அளவுக் கோடுகள்!

நிபுணர் பறந்து வந்தார். "குடும்மா! யாரும் பாக்கறதுக்குள்ள வண்டியில போட்டுடலாம்."

"இங்க எதுவும் மறைவா கைமாறாது சார்."

சத்தம் கேட்டு ஊரே கூடிவிட்டது. அத்தனை பேர் முன்னால் கோலை ஊர்த்தலைவி ரொசெல்லாவிடம் கொடுத்தாள் இளவேனில். "குழி தோண்டினது நாங்கதான். நாங்களே மூடித் தர்றோம்" என்றாள்.

"யார் அனுமதி கொடுத்தது?"

அண்ணனும் தங்கையும் நிபுணரைப் பார்த்தார்கள். ரொசெல்லா ஐஸ்கிரீம் வழிந்திருந்த வட்டக் கல்லைக் காட்டினாள். "உட்காருங்க. உங்க இடம் இன்னும் ஈரமாத்தான் இருக்கு."

"தோண்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல பாத்திருக்கலாம்" என்று முனகியபடி கபிலன் மண் தள்ளினான். ஊர் கைதட்டியது.

ஊரை ஏமாற்றியவர்களை உட்கார வைத்துக் காறித் துப்பும் கல் அது. நிபுணர் அப்போதுதான் பலகையைப் படித்தார்.