பதினெட்டாயிரம் அடி நடந்த அப்பா

எங்கள் வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி. நானே நடந்து எண்ணியிருக்கிறேன். அந்தக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்க என் அப்பா பைக்கில்தான் போவார்.

பைக்கை வாசலில் இறக்கி, திருப்பி, நாலு உதை உதைத்து, அது இருமிக்கொண்டு கிளம்புவதற்குள் நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டே வந்துவிடுவேன். ஏன்ப்பா இப்படி என்று கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்.

"ஏட்டி கார்த்திகா, நான் பட்டாளத்துல நடந்த நடை இன்னும் பத்து வருசத்துக்குப் போதும்."

அது பொய்யில்லை. என் அப்பா பாண்டிதுரை பதினேழு வருடம் ராணுவத்தில் அவில்தாராக இருந்தவர். பனிமலையில் மூட்டை சுமந்து நடந்தவர். இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். அவர் மீசையைப் பார்த்து மில் வாசலில் லாரிகளே ஒதுங்கி நிற்கும். ஆனால் அந்த மீசைக்குப் பின்னால் ஒரு ரகசியம் உண்டு. அப்பாவுக்கு ஊசி என்றால் பயம்.

அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் வைகுண்டராஜிடம் போனோம். ரத்தம் எடுக்கும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் எனக்கு இரண்டு நாள் வீட்டுப்பாடம் எழுத முடியவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். சர்க்கரை இருநூற்று நாற்பது.

"மாத்திரையோட தினமும் ஆறாயிரம் அடி நடக்கணும். எத்தனை அடின்னு உங்க போன்லயே வரும். அடுத்த மாசம் கொண்டுவந்து காட்டுங்க. குறையலைன்னா தினமும் ரெண்டு வேளை ஊசிதான்."

அப்பா என் தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கக் கிளம்பினார். நானும் அம்மாவும் வாசலில் நின்று வழியனுப்பினோம். எதிர்வீட்டில் கட்டடம் கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலைச் சுற்றிப் போனார். வரிசையாக நின்ற ஆறு பைக்குகளை ஒட்டி வயிற்றை எக்கிக்கொண்டு போனார். லோடு ஆட்டோவுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஓரமாகக் காலை வைத்தார். அங்கே சாக்கடை மூடியைக் காணோம்.

டியூஷன் போன பையன்கள் சிரித்தார்கள். கைகொடுத்துத் தூக்கிய பால்காரரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அப்பா ஒரு ஷூ வெள்ளையாகவும் ஒரு ஷூ கறுப்பாகவும் வீடு திரும்பினார்.

ஆனால் மறுநாளும் ஐந்தரைக்குப் போனார். ஆறரைக்கு வந்தார். போனைப் பார்த்தால் எட்டாயிரம் அடி. அதற்கு அடுத்த நாள் பதினோராயிரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினெட்டாயிரம்.

அம்மா மாரிக்கனிக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். இம்புட்டு நடக்கிற மனுசனுக்குத் தெம்பு வேண்டாமா என்று தினமும் இரண்டு தோசை கூடுதலாக வைத்தார். அப்பாவும் மறுக்காமல் சாப்பிட்டார். அவர் சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லையே என்று எனக்குத் தோன்றியது. பட்டாளத்துக்காரர்களுக்கு வியர்க்காது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் டாக்டரிடம் போனோம். சர்க்கரை இருநூற்று அறுபத்திரண்டு. கூடியிருந்தது.

டாக்டர் போனைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். இவ்வளவு நடந்தும் குறையவில்லை என்றால் வேறு வழியே இல்லை, திங்கட்கிழமையிலிருந்து ஊசி போடலாம் என்று பேனாவை எடுத்தார். அப்பாவின் மீசை லேசாக நடுங்கியது.

எழுதும் முன்னால் டாக்டர் போனில் எதையோ தட்டினார். அப்பா போன வழியெல்லாம் வரைபடத்தில் நீலக் கோடாக வந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகத்துல ஓடியிருக்கீங்க. பொறவு ஒரு மட்டன் கடை வாசல்ல இருபது நிமிசம் நின்னிருக்கீங்க. எதுக்கு?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அந்த மட்டன் கடை வாசலில் தினமும் போய் நிற்கிற ஒரே ஆள் யாரென்று எங்கள் தெருவுக்கே தெரியும். சொன்னால் அப்பாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால் ஊசி.

"அது எங்கப்பா இல்ல டாக்டர். மேஜர்" என்றேன்.

எந்த ரெஜிமென்ட் மேஜர் என்று டாக்டர் மரியாதையாகக் கேட்டார். பக்கத்து வீட்டு நாய் என்றேன்.

மேஜர், சங்கையா மாமா வளர்க்கும் ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. காலை ஐந்தரைக்குச் சங்கிலியைக் கழற்றிவிட்டால் ஊரைச் சுற்றிவிட்டு ஆறரைக்குத்தான் வரும். அவில்தாரான என் அப்பா, பெயருக்கு மரியாதை கொடுத்து அதை ஒருநாளும் அதட்டியதில்லை.

அப்பா எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். பேண்டேஜ் துணியில் சின்னப் பை தைத்து, போனை அதில் போட்டு, மேஜர் கழுத்தில் கட்டிவிட்டிருக்கிறார். அது ஓடி முடித்து வரும்வரை சங்கையா மாமா வீட்டுத் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நர்ஸ் அக்காவும் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மேஜருக்குச் சர்க்கரை இல்ல, உங்களுக்கு இருக்கு. இன்னும் ஒரே ஒரு மாசம் தாரேன். அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கூடுதல் தோசையை நிறுத்தினார். எனக்கும் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நாயை ஓடவிட்டு ஏமாற்றலாமா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அப்பா மூலையில் கிடந்த வெள்ளை ஷூவைப் பார்த்தார்.

"நடக்க மாட்டேன்னு சொல்லல தாயி. எங்க நடக்க? பட்டாளத்துல பதினேழு வருசம் ஒருநாளும் விழுந்ததில்ல. இங்க நம்ம தெருவுல, சின்னப் பயலுவ பாக்கச் சாக்கடைக்குள்ள விழுந்தேன்."

குரல் இறங்கிப் போயிருந்தது. எனக்குக் கோபம் போய்ப் பாவமாகிவிட்டது.

மாலையில் தெருவை நன்றாகப் பார்த்தேன். அப்பா சொன்னது சரிதான். எங்கள் தெருவில் யாருமே நடப்பதில்லை. மூன்றாம் வீட்டு முத்துப்பேச்சி அத்தை, ஆறு வீடு தள்ளியிருக்கும் மாவு மில்லுக்கு மகன் ஸ்கூட்டரில் உட்கார்ந்துதான் போவார். நடக்க இடமில்லை என்று எல்லாரும் வண்டி வாங்கினார்கள். எல்லாரும் வாங்கிய வண்டி தெருவில் நிற்பதால் நடக்க இடமில்லை. இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்து எனக்குத் தலை வலித்ததுதான் மிச்சம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்பாவின் போனை எடுத்து அந்த நீலக் கோட்டை மறுபடியும் பார்த்தேன். மேஜர் ஒருநாள்கூட எங்கள் தெரு வழியாகப் போகவே இல்லை. சங்கையா மாமா வீட்டுப் பின்பக்கம் நுழைந்து நேராக மார்க்கெட் பக்கம் வெளியே வந்திருந்தது. நடுவில் என் பள்ளிக்கூடத்துப் பின் கேட்டும் வந்தது.

காலையில் போய்ப் பார்த்தேன். வீடுகளின் பின்பக்கச் சுவர்களுக்கு நடுவே ஒரு முடுக்கு. இரண்டு ஆள் சேர்ந்து நடக்கலாம். வண்டி நுழையாதபடி இரண்டு முனையிலும் கல் நட்டிருந்தது. வேப்பமர நிழல் வேறு. ஆனால் உள்ளே ஒரு இரும்புக் கட்டில், கதவில்லாத பீரோ, உடைந்த தண்ணீர்த் தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள், செங்கல் உடைசல் என்று மலையாகக் கிடந்தது. மேஜர் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்துப் போய்விடும். அப்பா குதிக்க முடியுமா?

வீடு வீடாகப் போய், உங்கள் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். கட்டில் முத்துப்பேச்சி அத்தை வீட்டுடையது என்று எல்லாரும் சொன்னார்கள். அத்தை அந்தக் கட்டிலைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றார். பீரோ, தொட்டி, நாற்காலி எதற்கும் சொந்தக்காரர் இல்லை. எல்லாம் வானத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

நான் ஒருநாள் முழுக்க யோசித்தேன். பிறகு, பழைய இரும்பு வாங்கும் ஆண்டிச்சாமி தாத்தாவைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை தள்ளுவண்டியோடு எங்கள் முடுக்குக்கு வரச் சொன்னேன். அவர் பழைய சாமானுக்குப் பதிலாக வெங்காயம் கொடுப்பார். அவர் வருகிற செய்தியை எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

"அது எங்க வீட்டுக் கட்டிலாக்கும். எங்கம்மா எனக்குச் சீரா குடுத்தது" என்று முத்துப்பேச்சி அத்தை கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டார். பீரோவை இரண்டு வீட்டுக்காரர்கள் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததில் அது தானாகவே வெளியே வந்துவிட்டது. பத்து மணிக்குள் முடுக்கு காலி. செங்கல் உடைசலுக்கு வெங்காயம் கிடையாது என்று தாத்தா கறாராகச் சொல்லிவிட்டதால், சங்கையா மாமா அதை அள்ளித் தன் வாசல் பள்ளத்தில் போட்டு நிரப்பினார். நான் பெருக்கினேன்.

மறுநாள் ஐந்தரைக்கு அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். முதல் பத்து அடி கீழே பார்த்துக்கொண்டே நடந்தார். மூடியில்லாத சாக்கடையும் இல்லை, சிரிக்க ஆளும் இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்தார். அப்புறம் கை வீசத் தொடங்கினார். நான் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் அம்மா காய்கறி வாங்க முடுக்கு வழியாக நடந்தார். நானும் என் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரும் அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போனோம். முத்துப்பேச்சி அத்தைகூட நடந்தார். அவர் நடந்ததைவிட நின்று பேசியதுதான் அதிகம். வெயில் தெரியாமல் பேசிக்கொண்டே போகலாம் என்றால் யாருக்குத்தான் வண்டியை எடுக்கத் தோன்றும்? மாதக் கடைசியில் அப்பாவின் பைக் ஓடாமலே நின்று பேட்டரி இறங்கிவிட்டது. அப்பா அதைக் கவனிக்கவே இல்லை.

மூன்றாம் முறை டாக்டரிடம் போனபோது அப்பா என் கையைப் பிடித்திருந்தார். டாக்டர் சீட்டைப் பிரித்தார்.

"நூத்தி ஐம்பத்தெட்டு. ஊசி வேண்டாம்."

அப்பா அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். டாக்டர் சொன்னார். அப்பா மீசையைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையில் கை வைத்தார்.

டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். முடுக்கு, கட்டில், வெங்காயம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றைக்குக் கடைசி ஆட்கள் நாங்கள்தான் என்பதால் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"உங்க வீடு ரொம்ப தூரமா டாக்டர்?" என்று கேட்டேன்.

டாக்டர் சாவியை விரலில் சுழற்றினார். நர்ஸ் அக்காதான் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். மெயின் ரோட்டில் நாலாவது கட்டடம்.

"அந்த ரோட்டுல எப்படிம்மா நடக்க?" என்றார் டாக்டர், அப்பாவின் குரலிலேயே.

"உங்க கிளினிக்குப் பின்னாடி முடுக்கு ஏதும் இருக்கா டாக்டர்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு கார் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, பின்பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.