வடக்கு வாசலில் எட்டடி

“இந்த வீட்டுக் காபியே எனக்கு வேண்டாம்!”

கோபு டம்ளரை நங்கென்று வைத்த வேகத்தில் காபி மேஜையெல்லாம் சிந்தியது. வசுமதி துணியை எடுத்துத் துடைத்தாள். லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது இந்த மைத்துனன் அரை டிராயர் போட்ட பையன். மாமியார் இல்லாத வீட்டில் அவனை வளர்த்து ஆளாக்கி, போன வருஷம் தமயந்தியைக் கட்டி வைத்தவளும் அவள்தான்.

“துடைச்சா ஆச்சா மன்னி? குலுக்கல்ல எனக்கு விழுந்தது வடக்குப் பார்த்த மனை. நான் டூர் போறப்போ நம்பி உங்ககிட்ட அதிகாரக் கடிதம் குடுத்தேன். நீங்க அதை வச்சு என் மனையை உங்க பேருக்கு மாத்திண்டு, தெற்குப் பார்த்ததை என் தலையில கட்டிட்டேளே! தெற்கு எமன் திசைன்னு தெரியாதா உங்களுக்கு?”

ஊரைத் தாண்டி சாந்த்ராகாச்சிக்கு அப்பால் வயலாகக் கிடந்த நிலத்தை, வங்காளத்தில் குடியேறிய பதினெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சொசைட்டி அமைத்து வாங்கி, தெரு விட்டு, மனை பிரித்திருந்தன. வசுமதியின் மனையும் கோபுவின் மனையும் முதுகோடு முதுகு ஒட்டியவை. எல்லாம் தயார், மின்சாரம் மட்டும் பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது.

அவள் கணவர் குருமூர்த்தி பேப்பரை மடித்தார். “ஏன் வசு இப்படிப் பண்ணினே? என்கிட்டயாவது ஒரு வார்த்தை...”

“இப்போ எதுவும் கேக்காதீங்கோன்னா...” வசுமதியின் குரல் உடைந்தது. பெற்றவளைப் போல் வளர்த்தவளைத் திருடியாக்கிவிட்டானே!

“பார்த்தியாண்ணா? கேக்கவே கூடாதாம்! தமயந்தி, பெட்டியை எடு. தனியாப் போயிடலாம்!”

ஏழு மாதக் கர்ப்பிணி தமயந்தி அசையாமல் நின்றாள். அதற்குள் வாசலில் ஆரவாரம். சொசைட்டி செக்ரட்டரி பட்டாபி, சுருட்டிய வரைபடத்தோடு உள்ளே வந்தார்.

“மன்னி, ஜெயிச்சாச்சு! எலெக்ட்ரிக் ஆபீஸ்ல கையெழுத்தாயிடுத்து. துர்கா பூஜைக்குள்ள தெருவெல்லாம் லைட்! டிரான்ஸ்பார்மர் உங்க வாசல் எட்டடியில வரது!”

“எந்த எட்டடி?” என்றான் கோபு.

“உனக்குத் தெரியாதா? ஓ... மன்னி எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டாளே! சரி, இனிமே சொல்லலாம். வடக்குத் தெரு முனையில எட்டடி இடம் விட்டாத்தான் கம்பம் நடுவோம், இல்லேன்னா மூணு வருஷம் ஆகும்னுட்டான் எலெக்ட்ரிக் ஆபீஸ்காரன். முனை மனை உன்னோடது. உன்னையே கேக்கறேன்னு மன்னிகிட்ட சொன்னேன். ‘குழந்தை பொறக்கப் போற வீட்டு வாசல்ல டிரான்ஸ்பார்மரா? என் முழு மனையை அவனுக்குக் குடுத்துட்டு, வெட்டுப்பட்டதை நான் எடுத்துக்கறேன். கையெழுத்தாகறதுக்குள்ள தெரிஞ்சா அவன் ஒத்துக்க மாட்டான்’னுட்டா. தெற்குன்னா எமன் திசைன்னு நினைக்காதே. இந்த ஊர்ப் பெங்காலி தெற்கு மனைக்கு அடிச்சுப்பான்டா! அங்க வர்ற காத்துல எமனே தூங்கிப் போயிடுவான்!”

யாரும் சிரிக்கவில்லை. கோபு அப்படியே தரையில் உட்கார்ந்து வசுமதியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

“மன்னி... என் கன்னத்துல ரெண்டு அறை விடுங்கோ! எட்டடி என்னோட மனையிலேயே போகட்டும். திருப்பி மாத்திடலாம்.”

“முடியாதுடா. ஆனது ஆனதுதான். எழுந்திரு, பெண்டாட்டி முன்னால அழாதே.”

தமயந்தி, பட்டாபியின் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி மேஜைமேல் விரித்தாள். அவர் பையிலிருந்த பென்சிலையும் உரிமையோடு எடுத்து, இரண்டு மனைகளுக்கும் நடுவிலிருந்த கோட்டைப் பட்பட்டென்று குறுக்கே அடித்தாள்.

“அக்கா, நடுவுல இந்தச் சுவர் எதுக்கு? ரெண்டையும் சேர்த்து ஒரே வீடாக் கட்டினா, போன எட்டடி நம்ம எல்லாரோடதும்தானே?”

வசுமதி அவளை அப்படியே அணைத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் கண்ணீர் நிற்கவில்லை. குருமூர்த்தியும் மூக்கை உறிஞ்சினார்.

“ஐயையோ! அது எலெக்ட்ரிக் ஆபீஸ் காப்பிம்மா! சீல் வச்சது!” என்று பட்டாபி அலறினார்.

அவரை யார் கவனித்தார்கள்!