கண்பட்ட வீடு

காலையில் பல் விளக்கியதும் கோகுல்நாத் முதலில் தன் சகலை சிபியின் வீட்டு விலையைத்தான் பார்ப்பார். தன் வீட்டு விலை அப்புறம்.

அன்றைக்கும் சிபியின் வீடு ஏறியிருந்தது. சூலூர் குளக்கரையில் நான்கே அறை கொண்ட ஓட்டு வீடு. பீளமேட்டில் மூன்று மாடியும் லிஃப்டுமாகத் தான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடோ போன வாரத்தைவிட இறங்கியிருந்தது. காப்பி கசந்தது. மனைவி பிருந்தா சர்க்கரை போட மறந்திருக்கவில்லை.

விழைமானி புழக்கத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஊரில் ஒரு கூட்டம் இருந்தது. பேரில் கோடிக்கணக்கில் சொத்து, பையில் ஆஸ்பத்திரிக்குக் கட்டக் காசு இராது. விற்றால்தான் பணம், விற்றால் குடியிருக்க வீடில்லை. வீட்டின் விலை என்பது அதன்மேல் அடுத்தவருக்கு இருக்கும் ஆசைதானே, அதை விற்கும் நாளில் மட்டும் ஏன் அளக்க வேண்டும் என்று சில பொறியாளர்கள் யோசித்தார்கள். ஒவ்வொருவரும் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மிளகளவு மானியைச் செய்தார்கள். ஒரு வீட்டைப் பார்த்தாலோ நினைத்தாலோ ‘இது எனக்கிருந்தால்’ என்று நாடியிலும் மூச்சிலும் ஓர் இழுப்பு வருமே, அதைப் பிடித்துவிடும். அழகாயிருக்கிறது என்று சும்மா ரசித்தால் பிடிக்காது. பதிவுத்துறை அந்த இழுப்புகளை உடனுக்குடன் கூட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் விலை போட்டது. அந்த விலைக்குத் தக்கபடி வங்கி மாதாமாதம் விழைவூதியம் கொடுத்தது. விற்காமலே வீடு சோறு போட்டது.

ஊர் தலைகீழாக மாறியது. வாசலில் தொங்கிய திருஷ்டிப் பூசணியையும் கோரப்பல் பொம்மையையும் ஜனங்கள் கழற்றி எறிந்தார்கள். கண் படாவிட்டால் சாப்பாடு ஏது? மதில் சுவர்களைத் தாழ்த்தினார்கள், ஜன்னல்களைப் பெரிதாக்கினார்கள். கோகுல்நாத்தும் வீட்டு முகப்புக்கு இரண்டு முறை பளிங்கு மாற்றினார். ஆனால் பக்கத்துத் தெருவிலேயே லிஃப்டு வைத்த வீடுகள் நாற்பது வந்துவிட்டன. யார் நின்று பார்ப்பார்கள்?

சிபி அவருடைய கொழுந்தியாள் மைதிலியின் புருஷன். ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், சிரித்த முகம். ஞாயிற்றுக்கிழமை தோறும் சகலைகள் இருவரும் குடும்பத்தோடு சூலூரில் கூடுவது வழக்கம். சாப்பிட்டுவிட்டுப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். எதிரே குளம், நாரைகள், மாலை வெயில். கோகுல்நாத்தின் வயிற்றில் ஒரு கொள்ளி எரியும். இவன் என்ன சம்பாதித்தான், என்ன கட்டினான், இவனுக்கு இந்த இடமா என்று நினைப்பார். அதையே நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார். வாரம் முழுக்க நினைப்பார்.

விழைவூதியம் சுருங்கிக்கொண்டே வர, பிருந்தாதான் அவரை நிதி ஆலோசகர் நஸ்ரினிடம் இழுத்துப்போனாள். வீடும் மனையுமாகவே சொத்தைச் சேர்த்தவர்களுக்கு வழி சொல்வதுதான் நஸ்ரினின் தொழில். அவள் சுற்றி வளைக்கவில்லை. மொத்த ஆஸ்தியும் ஒரே கட்டடத்தில் இருக்கிறது, அதுவும் மற்றவர்கள் மனசை நம்பி இருக்கிறது. மேல் இரண்டு மாடியை விற்று, பணத்தைப் பிரித்து நாலு இடத்தில் போடுங்கள் என்றாள். கோகுல்நாத் தலையாட்டினார், செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த யோசனையைச் சிரிப்பாகச் சிபியிடம் சொன்னார். சிபி சிரிக்கவில்லை. மறுநாளே போய் நஸ்ரினைப் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்துச் சிபி பின்வாசலில் வைத்துச் சொன்னார்.

“சகல, இந்த வூட்டக் குடுத்தர்லாம்னு இருக்கறனுங்க. வெல நல்லா இருக்கறப்பவே குடுத்துட்டு, பணத்தப் பிரிச்சுப் போடச் சொல்றாங்க அந்தம்மா. வெளியாளுக்குக் குடுக்கறக்கு முந்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை.”

கோகுல்நாத் குளத்தைப் பார்த்தபடி, யோசிக்கலாம் என்றார். 

பிருந்தா அன்றைக்கே சண்டை போட்டாள். இருக்கிற வீட்டை விற்று அந்த ஓட்டு வீட்டை இந்த விலைக்கு வாங்க என்ன தலையெழுத்து என்றாள். நஸ்ரினும் தடுத்தாள். ஒரு வீட்டுக்கு யார் யார் ஆசைப்பட்டார்கள் என்ற பட்டியல் மூடி முத்திரையிட்ட ரகசியம். சொத்தை வாங்கிய பிறகுதான் உரிமையாளர் அதைத் திறந்து பார்க்க முடியும். அதுதான் சட்டம்.

“விலை ஏறுதுன்னு தெரியுது சார். ஏன் ஏறுதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணுல மொத்தத்தையும் போடாதீங்க.”

பதினோரு வருடமாக இறங்காத விலை, இனியா இறங்கப்போகிறது என்று கேட்டார் கோகுல்நாத். பீளமேட்டு வீடு கைமாறியது. பேரப்பிள்ளைகள் பேரில் போட்டிருந்த தொகையும் கரைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்திரம் பதிந்தது. சாவியைக் கொடுக்கும்போது சிபி, சந்தோஷமாக இருங்க சகல என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் பின்வாசல் நாற்காலி கோகுல்நாத்துக்குச் சொந்தமாக இருந்தது. நாரைகள் வந்தன. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொசு கடித்ததால் சீக்கிரமே உள்ளே எழுந்து போனார்.

மறுநாள் காலை வீட்டின் விலை பாதிக்குக் கீழே கிடந்தது.

இயந்திரக் கோளாறு என்றுதான் அவர் நினைத்தார். ஒரு வாரம் பார்த்துவிட்டு நஸ்ரினிடம் ஓடினார். அவள் பட்டியலைத் திறந்து இரண்டு முறை படித்தாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள். போகிற வருகிறவர்களின் சின்னச் சின்ன ஆசைகள் பொடி எழுத்தில் நிறைய இருந்தன. அவற்றுக்கெல்லாம் மேலே ஒரே ஒரு எண். நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு அந்த ஒருவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைபோல் எழும்பி, வார நாட்களிலும் அடங்காத ஆசை.

“இந்த நம்பர் உங்களோடது சார்,” என்றாள் நஸ்ரின். “சொந்தக்காரரோட ஆசையக் கணக்குல சேர்க்க மாட்டாங்க.”

அவர் பணம் போனதை நினைக்கவில்லை. பதினோரு வருடமாகச் சிபியின் வீட்டில் உலை கொதித்தது தன் வயிற்றெரிச்சலில் என்பதும் அப்போது உறைக்கவில்லை. பீளமேட்டு வீட்டின் பழைய பட்டியலையும் தான் பார்க்க முடியுமா என்று கேட்டார். அது அவர் பேரில் இருந்த காலத்துக்கு முடிந்தது. அதில் சிபியின் எண்ணைத் தேடச் சொன்னார். தீபாவளி, காதுகுத்து, புதுப் பளிங்கு போட்ட நாள் என்று இருநூறு தடவைக்கு மேல் சிபி அந்த வீட்டுக்கு வந்துபோயிருந்தார். அத்தனைக்கும் நேராகச் சுழியம் போட்டிருந்தது.

“ஒருக்காக்கூட இல்லீங்களா?” என்றார் கோகுல்நாத்.

நஸ்ரின் இல்லை என்று தலையசைத்தாள்.

விழைவூதியம் பாதியானதும் பிருந்தா வேலைக்காரியை நிறுத்தினாள். விலையை ஏற்ற ஒரே வழி, வேறு யாராவது ஆசைப்படுவது. விற்றுவிட்டுப் போனவனைவிட யாருக்கு அதிகமாக வலிக்கும்? கோகுல்நாத் சிபியை விருந்துக்குக் கூப்பிட்டார். இருந்த பணத்தில் சுவருக்குச் சாயம் அடித்து, பின்வாசலுக்குக் கல் பதித்திருந்தார். சிபி குடும்பம் அப்போது சூலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தது. வீடு விற்ற பணம் நாலு இடத்தில் பத்திரமாக இருந்தது.

சிபி வந்தார். ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தார். கோகுல்நாத் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

“நாங்க இருந்தப்ப இப்பிடி வெச்சுக்கலீங்க சகல. நீங்க வந்ததுக்கப்புறந்தான் வூடு வூடாட்டம் இருக்குது,” என்றார் சிபி. மனசார அதைச் சொன்னார். கச்சாயப் பலகாரத்தில் இரண்டு சேர்த்துக் கேட்டுச் சாப்பிட்டார். பிறகு பின்வாசல் நாற்காலியில் சாய்ந்தவர், தான் விற்ற குளக்காற்றில், வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போனார்.

கோகுல்நாத் கையிலிருந்த திரைப்பலகையில் வீட்டின் விலையைப் பார்த்தார். ஒரு புள்ளிகூட அசையவில்லை. நிமிர்ந்து சகலையைப் பார்த்தார். குறட்டை சீராக வந்தது. இழந்தவன் முகத்தில் இருக்க வேண்டிய எதுவும் அந்த முகத்தில் இல்லை. அந்தத் தூக்கத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மூச்சு முட்டியது, நெஞ்சு இழுத்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருநாளும் அப்படி இழுத்ததில்லை. காதுக்குப் பின்னால் மானி சுட்டது.

மறுநாள் காலை பதிவுத்துறையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“சார், நேத்து மத்தியானம் உங்ககிட்டருந்து பெரிய விழைவு ஒண்ணு பதிவாயிருக்குங்க. இந்த மாவட்டத்துலயே இவ்வளவு பெருசு வந்ததில்லை. எந்தச் சொத்து மேலன்னு மானியால கண்டுபிடிக்க முடியலைங்க. சர்வே நம்பர் சொல்றீங்களா?”

கோகுல்நாத் பின்வாசலில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

“அதுக்கு நம்பர் இல்லீங்கம்மா.”

நம்பர் இல்லாவிட்டால் யார் கணக்கிலும் சேர்க்க முடியாது, தள்ளுபடி செய்துவிடட்டுமா என்று அவள் கேட்டாள். செய்துவிடுங்கள் என்றார்.

அதற்கடுத்த நாள் காலையும் அவளே கூப்பிட்டாள், அதே கேள்வியோடு.