புளிக்காத பதநீர்

நாஜி குரலை உயர்த்தினால் அவனுடைய கழுதைகூட வேலியோரமாக ஒதுங்கி நின்றது. விடுமுறை தொடங்கியபோது அதே கழுதையின் காதில் பாட்டுப் பாடிக்கொண்டு போனவனும் இந்த நாஜிதான், கண்மணிகளே. அந்தப் பாட்டு எங்கே போனது என்றுதான் அவன் தங்கை ஹனீயா தேடிக்கொண்டிருந்தாள்.

ஹனீயாவுக்குப் பத்து வயது, நாஜிக்குப் பதினாலு. துனீசியாவின் தெற்கே, மணல் நடுவில் பேரீச்சந்தோப்புகள் நிறைந்த ஊர் அவர்களுடையது. வாப்பா மரமேறி. பேரீச்சை மரத்தின் உச்சியைச் சீவி, சுண்ணாம்பு தடவாத மண்கலயம் கட்டி, விடியும்போது பதநீர் இறக்குவார். அதை நாஜி கேனில் ஊற்றி, கழுதைமேல் ஏற்றி, கடைத்தெருவில் விற்பான்.

ஒருநாள் இரவு, கோதுமை ரவையில் செய்த கூஸ்கூஸ் நிறைந்த ஒரே தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"கூஸ்கூஸ் ஆறுது, சாப்பிடுடா" என்றார் உம்மா.

"வேணாம்னா வேணாம்! வயிறு வலிக்குது. என்னைச் சும்மா விடுங்க!" நாஜி எழுந்து போய்விட்டான்.

உம்மா பெருமூச்சு விட்டார். "மீசை முளைக்கிற வயசு. இவன் வாப்பாவும் அப்போ இப்படித்தான் எல்லார்கிட்டயும் முட்டிக்கிட்டுத் திரிஞ்சாராம்."

"நான் யார்கிட்ட முட்டினேன்? யார் சொன்னது?" என்று வாப்பா சீறினார்.

"இதோ, இப்போ முட்டுறீங்களே!"

ஹனீயாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் யோசித்தாள். மீசை முளைத்தால் கோபம் வரலாம். வயிறு ஏன் வலிக்க வேண்டும்?

மறுநாள் உம்மா ஹனீயாவைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். அங்கே துடைப்பம் விற்கும் தாஹர் சித்தப்பா அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஹனீயா, உங்க அண்ணன் கைராசிக்காரன்மா! ஊர்ல எல்லார் பதநீரும் மத்தியானம் புளிச்சிடும். இவனோடது பொழுது சாயுற வரைக்கும் தேனாட்டம் இனிக்குது!"

நாஜி பெருமையோடு இன்னொரு குவளையை ஊற்றித் தானே குடித்தான். வெயிலில் நிற்பவனுக்கு நாள் முழுக்க அதுதான் தண்ணீர்.

ஹனீயா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்தாள். பதநீர் ஏன் புளிக்கிறது? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதிலுள்ள இனிப்பைத் தின்பதால். பள்ளியில் படித்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நம் குடலிலும் அப்படிப்பட்ட நல்ல நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. சோறு செரிக்க உதவுகின்றன. அவை நலமாக இல்லாவிட்டால் நம் மனநிலைகூடக் கெட்டுப்போகலாம்.

அப்படியானால், அண்ணனுடைய பதநீரில் இருந்த நுண்ணுயிர்களுக்கு என்ன ஆயிற்று?

வாப்பாவும்தான் தினமும் பதநீர் குடிக்கிறார். ஆனால் மரத்தடியில், கலயத்திலிருந்தே குடித்துவிடுவார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. நாஜி மட்டும்தான் கேனிலிருந்து குடிக்கிறான். பழைய தகரக்கேன் ஒழுகுகிறது என்று விடுமுறையில் அவனே எங்கிருந்தோ கொண்டுவந்த மஞ்சள் பிளாஸ்டிக் கேன் அது.

அடுத்த நாள் விடியற்காலையில் ஹனீயா இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்தாள். ஒன்றில் கலயத்துப் பதநீர். இன்னொன்றில், நாஜி கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில், மஞ்சள் கேனிலிருந்து கொஞ்சம். இரண்டையும் சன்னலில் வைத்தாள்.

மத்தியானம் முதல் குப்பி பொங்கி நுரைத்தது. புளித்த வாசனை மூக்கைத் துளைத்தது. இரண்டாவது குப்பியில் ஒரு குமிழிகூட இல்லை.

ஹனீயா இரண்டு குப்பிகளையும் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கடைத்தெருவில் தாஹர் சித்தப்பா குவளையை நீட்டிக்கொண்டு நின்றார். நாஜி ஊற்றக் கேனைச் சாய்த்தான். "அதைக் குடிக்காதீங்க!" என்று கத்தத்தான் ஹனீயா வாயைத் திறந்தாள். ஆனால் அத்தனை பேர் நடுவில் அண்ணன் தலைகுனிந்து நிற்பானே! சட்டென்று கேனின் வாயைக் கையால் பொத்தினாள்.

"சித்தப்பா, இன்னைக்குப் பதநீர் தீர்ந்துபோச்சு!"

"பாதிக் கேன் குலுங்குதே?"

"அது... கழுதைக்கு!"

"கழுதைக்குக் குடுத்துவச்சிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் நகர்ந்தார்.

நாஜியின் முகம் சிவந்தது. "உனக்கென்ன பைத்தியமா? என் வியாபாரத்தைக் கெடுக்கவா வந்தே?"

"அப்புறம் திட்டுண்ணா. முதல்ல இதைப் பாரு. இது கலயத்துலருந்து எடுத்தது. இது உன் கேன்லருந்து எடுத்தது. ரெண்டும் ஒரே மரத்துப் பதநீர்."

நாஜி நுரைத்த குப்பியைப் பார்த்தான். அசையாத குப்பியைப் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

"அண்ணா, இந்தக் கேன் ஏது?"

"பேரீச்சம்பழக் கிடங்குக்குப் பின்னால கிடந்துச்சு." அவன் குரல் இறங்கியது. "பேரீச்சங்குலையில பூஞ்சை பிடிக்காம இருக்க மருந்து அடிப்பாங்களே, அந்தக் கேன். சோப்புப் போட்டு நல்லாத்தான் தேய்ச்சுக் கழுவினேன். வாசனைகூட இல்லையே!"

"பிளாஸ்டிக்குக்குள்ள ஊறினது கழுவினா போகுமா? பதநீரைப் புளிக்கவைக்கிற உயிரையே அது கொல்லுது. உன் வயித்துல இருக்கிறதை மட்டும் சும்மா விடுமா?"

நாஜி வயிற்றைத் தடவிக்கொண்டான். பிறகு, "சித்தப்பாவும் தினம் ஒரு குவளை குடிச்சாரே" என்றான் மெல்ல.

அதற்குமேல் ஹனீயா சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிச்சம் இருந்ததை யாரும் தொடாதபடி கேனை அவனே இறுக மூடினான். அவனே சித்தப்பாவிடம் போய் நடந்ததைச் சொன்னான். தினமும் வாங்கிக் குடித்த ஒவ்வொருவரிடமும் சொன்னான். சிலர் திட்டினார்கள், அவன் எதிர்த்துப் பேசவில்லை. வாப்பா அவனையும், குடித்த மற்றவர்களையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மருத்துவர் சோதித்துவிட்டு, "நல்ல நேரத்துல கண்டுபிடிச்சீங்க" என்றார். நாஜியின் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் பழையபடி பெருகக் கொஞ்ச நாள் ஆகும் என்றும், அதுவரை மோரும் பார்லிக் கஞ்சியும் நிறையச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். கிடங்குக்காரர்கள் மீதிக் கேன்களில் ஆணியால் ஓட்டை போட்டு, வேறு யாரும் எடுக்காதபடி பூட்டிவைத்தார்கள்.

கொஞ்ச நாள் என்றால் கொஞ்ச நாள்தானா! நாஜி முதல் வாரம் கஞ்சியையும் திட்டினான். அடுத்தடுத்த வாரங்களில் திட்டுவது குறைந்தது. ஒருநாள் இரண்டாவது கிண்ணம் கேட்டான். உம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

பிறகு ஒரு மத்தியானம். தெருமுனையில் கழுதையின் குளம்புச் சத்தம் கேட்டது. கூடவே, தாளம் தப்பிய ஒரு பாட்டும்.

"ஹனீயா!" என்று வாசலிலிருந்தே கூவினான் நாஜி. ஒழுகல் அடைத்த தகரக்கேன் அவன் கையில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. "பாதி விக்கிறதுக்குள்ள புளிச்சுப்போச்சு! சித்தப்பா என் கைராசி போயிடுச்சுன்னு கேலி பண்றாரு!"

ஹனீயா குனிந்து அந்த நுரையை முகர்ந்தாள். காரம் மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வந்தது.

"ரொம்ப நல்லாப் புளிச்சிருக்குண்ணா!" என்று சிரித்தாள்.