வட்டத்துக்குள் யாருமில்லை

1958 சாரலில் ஆவுடைத்தாயைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். விஷக்காய்ச்சலில் என் மனைவியின் குரல் போயிருந்தது. அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் திரும்பும் என்றார்கள். ஐந்தருவிச் சாலையில் பழைய வீடொன்று வாடகைக்குக் கிடைத்தது. ஓடெல்லாம் பாசி, உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசம்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் புளியங்கொட்டைகளைக் கொண்டு ஒரு மொழி செய்தேன். நெடுக்காக அடுக்கினால் வாசல், குறுக்காக அடுக்கினால் பாய், குவித்தால் கிணறு. ‘யாருமில்லை’ என்பதுதான் சிரமம். இல்லாததை எப்படிக் காட்டுவது? சுற்றிலும் வேலி போட்டால் தெரியும். கொட்டைகளை வட்டமாக வைத்து, நடுவை வெறுமையாக விட்டேன். வட்டத்துக்குள் இருப்பது, இல்லாதது. உடனே பிடித்துக்கொண்டாள்.

கூட்டிப் பெருக்க வரும் பேராச்சி சிரித்தாள். “அண்ணாச்சி, பொண்டாட்டிகூட தாயம் ஆடவா குத்தாலம் வந்திய?”

சமையல், துணி, அவளை அருவிக்குத் தாங்கிப் போவது எல்லாம் நான்தான். உடம்பு ஓய்ந்திருந்தது. ஒரு பிற்பகல் அவள் கிணற்றைக் குவித்து, பக்கத்தில் வட்டத்தை வைத்தாள். கிணற்றடியில் யாருமில்லை, நல்லதுதான் என்று கண்ணயர்ந்தேன்.

மறுநாள், வாசலும் வட்டமும்.

அதற்கு மறுநாள், பாயும் வட்டமும்.

இல்லாததை ஏன் ஒருத்தி தினமும் சொல்ல வேண்டும்? களைத்த மூளைக்கு அது எட்டவில்லை. எரிச்சல்தான் வந்தது. “ஒண்ணுமில்லட்டி, பேசாம படு” என்று கொட்டைகளை வாரி மழையில் வீசினேன். அவள் தடுக்க என் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள்.

விளக்கேற்றும் நேரம், கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கூப்பிட்டாள்.

“என்னங்க, இங்கன வாங்க.”

எத்தனையோ மாதமாகக் கேட்காத குரல். கண்ணீரோடு எழுந்தேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பற்றியது.

பாயில், என் பக்கத்திலேயே ஆவுடைத்தாய் கிடந்தாள். வாய் இறுக மூடியிருந்தது.

“வாங்களேன். நாந்தான்.”

அவள் கொட்டையால் போட்ட வேலியைப் பிரித்துவிட்டது நான்தான்.

அவள் செம்பில் விரலை நனைத்து, எங்கள் இருவரையும் சுற்றித் தரையில் தண்ணீரால் ஒரு வட்டம் இழுத்தாள். முனையும் முனையும் சேர்ந்தன. வட்டத்துக்குள் இருப்பது, இல்லாதது.

கதவு திறந்தது. அழுகிய இலை வாசம் எங்களை மெல்லச் சுற்றி வந்தது.

“இங்கன யாருமில்லையா?” என்று என் மனைவியின் குரல் கேட்டது.

மூச்சை அடக்கிக்கொண்டோம்.

தென்காசிக்குத் திரும்பி வருஷங்கள் ஆகிவிட்டன. அவளுக்கு இப்போது கை எழுவதில்லை. சாயங்காலமானால் வட்டத்தை நான்தான் இழுக்கிறேன். கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கேள்வியும் தவறாமல் வருகிறது. முந்தாநாள் அசதியில் இழுக்காமல் தூங்கிப்போனேன்.

நேற்று அது என் குரலில் கேட்டது.